இரட்டை மோட்டார் ஃபோம் விமானம்: மோட்டாரும் ப்ராப்பும் தேர்ந்தெடுப்பது எப்படி

பலரும் முதலில் மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். அதற்கு எந்த ப்ரொப்பெல்லர் (சுருக்கமாக ப்ராப்) பொருந்தும் என்று பிறகு தேடுகிறார்கள். ஒற்றை மோட்டார் விமானத்தில் இப்படிச் செய்தாலும் ஓரளவு தப்பிவிடலாம். இரட்டை மோட்டாரில் இடம் குறைவு, கம்பி நீளம், எடை இறக்கையின் மேல் விழுகிறது. இதற்கு மேல், இடது பக்கமும் வலது பக்கமும் எப்போதும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். அதனால் வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் எடை, அடுத்து விமானத்துக்குத் தேவையான வேகம், அந்த வேகத்தைத் தரும் ப்ராப், அந்த ப்ராப்பைச் சுற்றும் மோட்டார், கடைசியில் ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) பேட்டரியும்.

இங்கே சொல்வது சுமார் 500 கிராம் முதல் 2.5 கிலோ வரையிலான, ரேடியோவில் இயக்கும் ஃபோம் மாதிரி விமானங்களுக்கு. கணக்குகளுக்கு ஒரே விமானத்தை எடுத்துக்கொள்வோம்: இறக்கை நீளம் 140 செ.மீ., சராசரி அகலம் 18.6 செ.மீ., பேட்டரி உட்படப் பறக்கும் எடை 1200 கிராம், 3எஸ் லிப்போ (மூன்று செல்கள் தொடராக இணைந்த லித்தியம் பாலிமர் பேட்டரி).

1. எடையிலிருந்து ஸ்டால் வேகம்

பறக்கும் எடை என்றால் எல்லாம் சேர்த்து: ஃபோம், பசை, பெயின்ட், சர்வோ (வால், இறக்கைத் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்), கம்பிகள், பேட்டரி. இன்னும் கட்டி முடிக்காத விமானம் என்றால் உங்கள் மதிப்பீட்டோடு 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். பசையும் நீட்டிய கம்பிகளும் எப்போதும் நினைத்ததைவிடக் கனமாகத்தான் வரும்.

இறக்கைப் பரப்பு 140 × 18.6 = 2604 சதுர செ.மீ., அதாவது 26 சதுர டெசிமீட்டர். 1200 கிராமை 26 ஆல் வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 46 கிராம் சுமை. ஸ்டால் வேகத்துக்கு, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்துக்கு, சுருக்கமான கணக்கு ஒன்று உண்டு. இந்தச் சுமையின் வர்க்கமூலத்தை 4.4 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 46-இன் வர்க்கமூலம் சுமார் 6.8, ஆக ஸ்டால் வேகம் சுமார் 30 கி.மீ. ஃபிளாப் இல்லாத சாதாரண ஃபோம் இறக்கைக்கு இது போதிய அளவு நெருக்கமான எண். கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

2. எத்தனை வாட் வேண்டும்

ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்று பார்ப்பது பழைய வழக்கம், இன்றும் பயன்படுகிறது. மெதுவாக மிதக்கும் சரக்கு விமானம், நீண்ட நேரம் பறக்கும் கேமரா விமானம் போன்றவற்றுக்குக் கிலோவுக்கு 100 முதல் 130 வாட். இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்களின் மாதிரிகளுக்கு 150 முதல் 200. லூப், ரோல் எல்லாம் தாராளமாகச் செய்ய 250-க்கு மேல்.

இவை பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் வாட், ப்ராப்புக்குப் போய்ச் சேரும் வாட் அல்ல. தவறான ப்ராப்பை மாட்டினாலும் வாட்மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். அதில் பாதி மோட்டாரைச் சூடாக்கத்தான் போயிருக்கும். ஆகவே இந்த எண் ஒரு தொடக்கம் மட்டுமே. இரண்டு சிறிய ப்ராப்கள் ஒரு பெரிய ப்ராப்பைவிடப் பொதுவாகத் திறன் குறைந்தவை என்பதால், அதே வகை ஒற்றை மோட்டார் விமானத்துக்கு எடுப்பதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வைப்பது நல்லது.

நம் விமானத்துக்குக் கிலோவுக்கு 180 என்று வைப்போம். மொத்தம் 216 வாட், ஒரு மோட்டாருக்கு 108. சுமையில் 3எஸ் பேட்டரி சுமார் 10.8 வோல்ட்டுக்கு இறங்கும். ஆக ஒரு பக்கம் 10 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 20.

3. பிட்ச் வேகம்: பலரும் தாண்டிப் போகும் இடம்

ப்ராப்பில் எழுதியிருக்கும் 7×5 என்பதில் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ராப் முன்னேறக்கூடிய தூரம். நிமிடச் சுற்றுகளைப் பிட்சாலும் 0.001524 ஆலும் பெருக்கினால் பிட்ச் வேகம் மணிக்கு கி.மீ. கணக்கில் கிடைக்கும். விமானம் அந்த வேகத்தை நெருங்க நெருங்க உந்துவிசை குறைந்துகொண்டே போகும்.

பிட்ச் வேகம் ஸ்டால் வேகத்தைப் போல் 2.5 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும். நம் விமானத்துக்கு 75 முதல் 90 கி.மீ. இரண்டு மடங்குக்குக் கீழே போனால் எதிர்காற்றில் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். 4 மடங்குக்கு மேலே போனால் தரையிலிருந்து கிளம்பும்போது ப்ராப்பின் இலைகள் காற்றைப் பிடிக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டம் நீளும், ஆம்பியரும் ஏறும்.

இரண்டு ஜோடிகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 3எஸ்ஸில் 1000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டாரும் 8×4 ப்ராப்பும் போட்டால் சுமார் 8850 சுற்று வரும். ஒரு பக்க உந்துவிசை கிட்டத்தட்ட 440 கிராம், செலவு 65 வாட்டுக்குள். இதைக் கேட்டதும் பெரிய லாபம் போலத் தோன்றும். பிட்ச் வேகத்தைப் போட்டுப் பாருங்கள்: 8850 × 4 × 0.001524 = 54 கி.மீ. ஸ்டால் வேகத்துக்கு 1.8 மடங்குதான். இதே விமானத்தில் 1400 கேவி மோட்டாரும் 7×5 ப்ராப்பும் என்றால் சுமார் 11,500 சுற்று, உந்துவிசை கிட்டத்தட்ட 450 கிராம், செலவு 105 வாட் அளவில். பிட்ச் வேகம் 88 கி.மீ. மேசையில் தராசு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வானத்தில் முதல் ஜோடி காற்றில் தத்தளிக்கும், இரண்டாவது பறக்கும். தராசில் தெரியும் கிராம் எண்ணை மட்டும் நம்பி மோட்டார் வாங்காதீர்கள்.

முதல் ஜோடி பயனற்றது என்று பொருளல்ல. அதே இறக்கையில் எடை 700 கிராம் மட்டும் என்றால் சுமை 27 கிராமாகிறது, ஸ்டால் வேகம் 23 கி.மீ.க்கு இறங்குகிறது. அப்போது 54 கி.மீ. மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குச் சரியாகவே இருக்கும்.

4. எவ்வளவு பெரிய ப்ராப் நுழையும்

மோட்டார் அச்சின் நடுவிலிருந்து உடற்பகுதியின் பக்கச் சுவர் வரை அளந்து, அதிலிருந்து 15 மி.மீ. கழியுங்கள். மிச்சம் ப்ராப்பின் அரை விட்டம். 12.5 செ.மீ. தூரம் இருந்தால் 11 செ.மீ. மிஞ்சும், அதாவது விட்டம் 22 செ.மீ., அங்குலத்தில் 8.6. எனவே 8 அங்குலம் வரை போடலாம். அந்த 15 மி.மீ. வீண் இடம் அல்ல. ஃபோம் இறக்கை வளையும், தரையில் முட்டி இறங்கும்போது நசெல் (மோட்டாரைத் தாங்கும் கூடு) ஆடும். ப்ராப்பின் நுனி உடலை ஒருமுறை தொட்டால் போதும், ஃபோமில் கத்தி போட்டதுபோல் ஒரு பிளவு விழும்.

சக்கரம் உள்ள விமானத்தை வால் தூக்கி, பறக்கும் நிலையில் வைத்து, ப்ராப்புக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். புல் தரையில் பறப்பவர்களுக்கு 40. வயிற்றில் இறங்கும் விமானம் என்றால் மடங்கும் ப்ராப் ஒரு நல்ல தீர்வு. இல்லையென்றால் இறங்கும் ஒவ்வொரு முறையும் ப்ராப் உடையும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய விட்டம் என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு 7 அங்குல ப்ராப்கள் சுழலும் மொத்தப் பரப்பு 77 சதுர அங்குலம். ஒரே ஒரு 10 அங்குல ப்ராப்பின் பரப்பு 78.5. ஏறக்குறைய சமம்.

இடம் போதவில்லை என்றால் மூன்று இலை ப்ராப் உண்டு. அதே விட்டமும் பிட்சும் கொண்ட மூன்று இலை ப்ராப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஆகவே விட்டத்தில் ஓர் அங்குலம் குறைத்துத் தொடங்குங்கள். தோற்றத்துக்காக என்றால் சரி. திறனுக்காக என்றால் இரண்டு இலையே மேல்.

இனி ப்ராப்பின் வகை. ஏபிசி நிறுவனம் தன் மெல்லிய எலக்ட்ரிக் ப்ராப்களுக்கு உச்சச் சுற்று 145,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்த எண் என்கிறது. ஸ்லோ ஃப்ளையர் வகைக்கு அது 65,000 மட்டுமே. 8 அங்குல ஸ்லோ ஃப்ளையர் என்றால் எல்லை 8125 சுற்று. 1400 கேவி மோட்டாரில் அதை மாட்டினால் எல்லையைச் சுலபமாகத் தாண்டும். இலை பறந்தால் அது போகும் வழியில் உடற்பகுதியும் ரிசீவரும் இருக்கின்றன. மெல்லிய, அகல இலை கொண்ட மலிவு ப்ராப்களைக் குறைந்த கேவி மோட்டார்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

5. கேவியும் மோட்டாரின் உடம்பும்

ப்ராப் முடிவானதும் கேவி தானாகவே வந்துவிடும். தேவையான சுற்று 11,500. சுமையில் வோல்ட் 10.8. சுமை ஏறியதும் மோட்டார் தன் கேவி சொல்லும் சுற்றில் 75 முதல் 80 சதவீதம்தான் சுழலும். ஆக 11,500-ஐ முதலில் 10.8 ஆலும் பிறகு 0.77 ஆலும் வகுத்தால் 1383. கடையில் கிடைக்கும் அருகிலுள்ள எண் 1400.

அடுத்து மோட்டாரின் எடை. அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும்) மோட்டார் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 வாட் தாங்கும் என்பது நெடுங்கால நடைமுறை. 105 வாட்டுக்குக் குறைந்தது 35 கிராம். மூடிய நசெலுக்குள் காற்றோட்டம் குறைவு என்றால் 2.5 என்று கணக்கிடுங்கள். அப்போது 42 கிராம் வேண்டும். சுமார் 50 கிராம் எடையுள்ள 2212 வகை 1400 கேவி மோட்டார் இதற்கு நன்றாகப் பொருந்தும். பெரும்பாலான நிறுவனங்களில் 2212 என்றால் உள்ளே கம்பி சுற்றிய ஸ்டேட்டரின் விட்டம் 22, உயரம் 12 மி.மீ. சில நிறுவனங்கள் வெளி உடம்பின் அளவை எழுதுகின்றன. எண்ணை ஒப்பிடாமல் எடையையும் கேவியையும் ஒப்பிட்டால் ஏமாற மாட்டீர்கள்.

கேவி அதிகம் என்றால் பலம் அதிகம் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. கேவி வெறும் கியர் போன்றது. 2300 கேவி மோட்டாருக்குச் சிறிய ப்ராப், 900 கேவி மோட்டாருக்குப் பெரிய ப்ராப். இரண்டும் ஒரே வாட்டை இழுக்கலாம்.

மற்ற எடைகளுக்குத் தொடக்கப் புள்ளிகள்: 600 கிராம் விமானத்துக்கு 25 கிராம் அளவிலான 2204 வகை 2300 கேவி, 2எஸ், 6×4 ப்ராப். ஒரு பக்கம் சுமார் 8 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து விமானத்தின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இழுக்கும். 2.2 கிலோ விமானத்துக்கு 28 மி.மீ. ஸ்டேட்டரும் 85 முதல் 110 கிராம் எடையும் கொண்ட 900 கேவி மோட்டார், 4எஸ், 9×6 ப்ராப். ஒரு பக்கம் சுமார் 17 ஆம்பியர். பிட்ச் வேகம் 95 கி.மீ. அளவில் வரும். இவற்றை அப்படியே வாங்காமல் உங்கள் இறக்கைச் சுமையோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ராப்பை ‘கொஞ்சம்’ பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதன் விலையைப் பாருங்கள். ஒரே சுற்றில், இழுக்கும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கிலும் பிட்சின் நேர் விகிதத்திலும் ஏறும். 7×5-இலிருந்து 8×6-க்குப் போனால் எட்டை ஏழால் வகுத்து நான்காம் அடுக்கு 1.7, அதை 1.2 ஆல் பெருக்கினால் இரண்டு மடங்கு. சுற்று சற்று விழுவதால் நடைமுறையில் 10 ஆம்பியர் 16 ஆகும். மோட்டார் அதைச் சில நிமிடம் தாங்கும், பிறகு சுருளின் மேல்பூச்சு கருகும். பூச்சு கருகிய வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. ப்ராப்பை மாற்றும்போது விட்டத்தில் ஒன்று கூட்டினால் பிட்சில் ஒன்று குறையுங்கள். அப்போதும் வாட்மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பறக்கவிடுங்கள்.

6. எந்தப் பக்கம் சுழல வேண்டும்

இரண்டும் ஒரே திசையில் சுழலலாம், எதிரெதிராகவும் சுழலலாம். ஒரே திசை என்றால் உதிரி ப்ராப் ஒரே வகை வாங்கினால் போதும். பெரும்பாலான மெதுவான ஃபோம் விமானங்கள் இப்படியே நன்றாகப் பறக்கின்றன. கிளம்பும்போது ஒரு பக்கம் இழுப்பதை ரடர் (வாலில் உள்ள திருப்புத் தகடு) சமாளிக்கும். கிலோவுக்கு 200 வாட்டுக்கு மேல் போனாலோ, வால் சக்கரம் கொண்ட குட்டை உடல் விமானம் என்றாலோ எதிரெதிர்ச் சுழற்சி கூடுதல் செலவுக்குத் தகுந்த பலன் தரும். முறுக்கு விசை ஒன்றையொன்று அழித்துவிடும், ஓட்டம் நேராக இருக்கும்.

எதிரெதிர் என்றால் உள்ளேயா, வெளியேயா? சுழற்சியின் உச்சியில் இருக்கும் இலை உடலை நோக்கித் திரும்பினால், கீழே இறங்கும் இலை உடலுக்கு அருகில் வரும். மூக்கு தூக்கிய நிலையில் இறங்கும் இலைதான் அதிகம் இழுக்கும். அது உடலுக்கு அருகில் இருந்தால், ஒரு மோட்டார் நின்றாலும் மற்றதன் திருப்புவிசை குறைவாக இருக்கும். ஆகவே பின்னாலிருந்து பார்த்தால் இடது மோட்டார் கடிகாரத் திசையிலும் வலது மோட்டார் எதிர்த் திசையிலும் சுழல வேண்டும். லாக்ஹீட் பி-38 விமானத்தின் முதல் மாதிரி இப்படித்தான் இருந்தது. பிறகு வந்தவற்றில் திசையை வெளிப்பக்கம் மாற்றினார்கள். அது அந்த விமானத்துக்கே உரிய காரணங்களுக்காக. நுணுக்கமான மாதிரி செய்பவர்கள் அசலைப் பின்பற்றட்டும், மற்றவர்களுக்கு உள்பக்கமே நல்லது.

திசையை மாற்ற, ஈஎஸ்சியிலிருந்து மோட்டாருக்குப் போகும் 3 கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிப் பொருத்தினால் போதும். எதிர்ச் சுழற்சிக்கு எதிர் ப்ராப் வேண்டும். சாதாரண ப்ராப்பைத் திருப்பி மாட்டினாலும் காற்று முன்னால்தான் போகும், விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும். எந்தத் திசையாக இருந்தாலும் அளவு எழுதிய முகம் விமானம் பறக்கும் பக்கம் பார்க்க வேண்டும். எதிர்த் திசையில் சுழலும் மோட்டாரில் நட்டு தானாகத் தளரும் வாய்ப்பு அதிகம். நைலான் பூட்டுள்ள நட்டு போடுங்கள், அல்லது இடது மரை கொண்ட மோட்டார் வாங்குங்கள்.

7. பொருத்துவது

ஃபோமில் நேரடியாகத் திருகு இறக்கக் கூடாது. நசெலின் முகத்தில் 3 மி.மீ. பிளைவுட் தகடு ஒட்டி, தகட்டின் பின்புறம் இரண்டு சிறிய மரக்குச்சிகள் அல்லது கார்பன் கம்பிகள் ஃபோமுக்குள் 4 செ.மீ. ஆழம் இறங்கும்படி வையுங்கள். பசை எப்பாக்ஸி அல்லது பாலியூரித்தேன். சூட்டுப் பசைத் துப்பாக்கி வசதியானதுதான், ஆனால் மோட்டார் சூட்டில் அது இளகி, பறக்கும் நேரத்தில் தகடு கழன்றுவிடும்.

2212 வகை மோட்டார்களில் திருகுத் துளைகள் பெரும்பாலும் 16 மற்றும் 19 மி.மீ. இடைவெளியில், எம்3 அளவில் இருக்கும். 3 மி.மீ. தகட்டுக்கு 6 மி.மீ. திருகு போதும். நீளமான திருகு ஸ்டேட்டரின் சுருளைத் தொட்டு, பூச்சைக் கிழித்து, இரண்டு கம்பிகளைக் குறுக்கே இணைத்துவிடும். ஈஎஸ்சி எரியும். திருகிய பிறகு மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தால் மட்டும் போதாது, ஸ்டேட்டர் நகராது என்பதால் உரசல் தெரியாது. பக்கவாட்டு இடைவெளியில் விளக்கு அடித்துத் திருகின் நுனியைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டு மோட்டார் அச்சுகளும் மேலிருந்து பார்க்க வெளிப்பக்கம் 1 முதல் 2 பாகை சாய்ந்திருந்தால், ஒரு பக்கம் நின்றுபோகும்போது இழுப்பு சற்றுக் குறையும். இறக்கைக்கு மேலே உயர்த்திப் பொருத்திய மோட்டார் த்ராட்டிலை (ரேடியோவின் வேகக் குச்சியை) தூக்கியதும் மூக்கை அழுத்தும். அதற்கு அச்சைச் சற்று மேல் நோக்கிச் சாய்க்க வேண்டும். கீழே தொங்கும் மோட்டாருக்கு எதிர். எவ்வளவு என்பதை வாஷர் வைத்து வானத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். எந்தச் சாய்வாக இருந்தாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். சாய்வு அளவு தவறினாலும் விமானம் பறக்கும், பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டால்தான் தொல்லை.

காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியேறும் துளை ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கட்டும். வெளியேற வழி இல்லாவிட்டால், முன்னால் எவ்வளவு பெரிய துளை வெட்டினாலும் பயனில்லை.

8. ஈஎஸ்சி, கம்பி, பேட்டரி

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஈஎஸ்சி. ஒரே ஈஎஸ்சியில் இரண்டு பிரஷ்லெஸ் மோட்டாரை இணைக்க முடியாது, அது இரண்டின் சுழற்சியையும் ஒத்திசைக்க வல்லதல்ல. அளந்த ஆம்பியரைவிட 30 சதவீதம் கூடுதல் என்பது குறைந்தபட்சம். நம் 10 ஆம்பியருக்கு 20 ஆம்பியர் ஈஎஸ்சி தாராளம், எடையும் 5 கிராம்தான் கூடும். இரண்டும் ஒரே மாடல், ஒரே மென்பொருள் பதிப்பு.

ஈஎஸ்சி உடற்பகுதியிலும் மோட்டார் தூரத்திலும் இருந்தால், மோட்டார் பக்கத்து 3 கம்பிகளை நீட்டுங்கள், பேட்டரி பக்கத்தை நீட்டாதீர்கள். பேட்டரி கம்பி நீண்டால் மின்னோட்டம் விட்டு விட்டு வரும்போது வோல்ட் துள்ளும். ஈஎஸ்சியின் உள்ளே இருக்கும் மின்தேக்கி சூடாகி வெடிக்கும். வேறு வழியே இல்லை என்றால், கூடுதலாக நீட்டும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் குறைந்த உள்மின்தடை கொண்ட 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை ஈஎஸ்சிக்கு அருகில் இணையுங்கள். 3எஸ்ஸுக்கு 25 வோல்ட், 4எஸ்ஸுக்கு 35 வோல்ட் வகை. முனை மாறினால் வெடிக்கும், இருமுறை பார்த்து ஒட்டுங்கள்.

இரண்டு ஈஎஸ்சியிலும் பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் குறைந்த வோல்ட் மின்சாரம் தரும் பகுதி) இருக்கும். ரிசீவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் மின்சாரம் தரக் கூடாது. ஸ்விட்ச்சிங் வகை பிஇசிக்கள் ஒன்றோடொன்று மோதும். லீனியர் வகையில் வோல்ட் சற்றுக் கூடுதலான ஒன்றே முழுச் சுமையையும் ஏற்கும். ஒரு ஈஎஸ்சியின் சர்வோ இணைப்பிலிருந்து நடுச் சிவப்புக் கம்பியின் பின்னைக் கழற்றி, டேப் சுற்றி வையுங்கள். வெட்ட வேண்டாம், நாளை தேவைப்படலாம். 5 சர்வோவுக்கு மேல் என்றால் இரண்டு சிவப்பையும் கழற்றிவிட்டுத் தனி பிஇசி போடுவதே பாதுகாப்பு.

பேட்டரி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரு மோட்டாருக்கு ஒரு பேட்டரி என்று பிரித்தால், ஒன்று முன்னதாகத் தீரும் நாளில் விமானம் ஒரு பக்கம் சுழன்று விழும். எடைக்காக இரண்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் அவற்றை இணையாக இணையுங்கள். நம் விமானத்தின் 20 ஆம்பியருக்கு 3எஸ் 2200 மில்லியாம்பியர்-மணி, 25சி (கொள்ளளவைப் போல் 25 மடங்கு ஆம்பியர் தரக்கூடிய) வகை தாராளம். 80 சதவீதம் பயன்படுத்தி, சராசரி 10 ஆம்பியரில் பறந்தால் சுமார் 10 நிமிடம்.

9. ஈஎஸ்சி அமைப்பும் மேசைச் சோதனையும்

ப்ராப்களைக் கழற்றிவிட்டு த்ராட்டில் அளவீடு (குச்சியின் மேல், கீழ் எல்லைகளை ஈஎஸ்சிக்குக் கற்றுத் தருவது) செய்யுங்கள். ஒய் கம்பி வழியாக இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது எளிது. இது தவறினால் ஒரு மோட்டார் முந்திக் கிளம்பும், மற்றது சில படிகள் கழித்து வரும். பிரேக், டைமிங் (சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் நேரம்) ஆகிய அமைப்புகள் இரண்டு ஈஎஸ்சியிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

குறைந்த வோல்ட் துண்டிப்பைக் கவனமாக அமையுங்கள். ‘உடனே நிறுத்து’ என்ற நிலையில் விட்டால், எந்த ஈஎஸ்சி முதலில் எல்லையை உணர்கிறதோ அது தன் மோட்டாரை நிறுத்தும், மற்றது முழு வேகத்தில் இழுக்கும். மெல்லக் குறைக்கும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை ரேடியோவில் டைமராக வைத்து, துண்டிப்பு வரும் முன்பே இறங்கிவிடுவது இன்னும் நல்லது.

பிறகு ப்ராப்களைச் சமநிலைப்படுத்தி மாட்டுங்கள். கனமான இலையின் நுனியையும் முதுகையும் லேசாகத் தேய்க்கலாம், அடிப்பகுதியைத் தொடக் கூடாது. விமானத்தை வாலோடு சேர்த்துக் கட்டிவைத்து, பேட்டரிக்கும் கம்பிக்கும் இடையே வாட்மீட்டர் வையுங்கள். இடது மட்டும், வலது மட்டும், பிறகு இரண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு மேல் முழு த்ராட்டில் வேண்டாம். நிற்கும் இடம் எப்போதும் ப்ராப்களுக்குப் பின்னால். ஒரு ப்ராப்பிலிருந்து விலகக் கையை எடுக்கும்போது அது மற்றதற்குள் போகும், இரட்டை மோட்டாரில் காயங்கள் அப்படித்தான் நேர்கின்றன.

இரண்டு பக்கமும் 10 சதவீதத்துக்குள் ஒத்திருந்தால் பறக்கலாம். இரண்டும் சேர்ந்து ஓடும்போது மொத்தம் தனித்தனி எண்களின் கூட்டலைவிடச் சற்றுக் குறைவாக வரும், வோல்ட் விழுவதே காரணம். வானத்தில் ப்ராப்பின் சுமை குறைவதால் ஆம்பியர் இன்னும் இறங்கும். சுற்றுமானி இருந்தால் சுற்றையும் பாருங்கள். 200 சுற்றுக்குள் வேறுபாடு என்றால் விட்டுவிடலாம்.

10. என்ன கோளாறு, ஏன்

ஒரு பக்கம் ஆம்பியர் அதிகம், சுற்றும் அதிகம்: கேவி வேறு, அல்லது டைமிங் வேறு. ஆம்பியர் அதிகம், சுற்று குறைவு: தாங்கி உரசுகிறது, திருகு தொடுகிறது, அல்லது ப்ராப் பெரியது. ஆம்பியரும் சுற்றும் குறைவு: சரியாக ஒட்டாத சால்டர், அல்லது த்ராட்டில் அளவீடு முழு எல்லைக்குப் போகவில்லை. மோட்டார் கிளம்பாமல் துடிக்கிறது: 3 கம்பிகளில் ஒன்று தொடர்பற்றிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், சில விநாடியில் ஈஎஸ்சி போய்விடும்.

த்ராட்டில் தூக்கும்போது ‘ஊம்ம்’ என்று ஏறி இறங்கும் ஒலி பற்றிப் பலரும் கேட்பதுண்டு. இரண்டு ப்ராப்களின் சுற்றும் சிறிது வேறுபடும்போது எழும் அதிர்வலை அது, கோளாறு அல்ல. ஆனால் அது வினாடிக்குப் பல முறை வேகமாக அடித்தால் சுற்று வேறுபாடு பெரிது, திரும்ப அளவீடு செய்யுங்கள்.

நான்கைந்து நிமிடப் பறத்தலுக்குப் பிறகு மோட்டாரில் 5 விநாடி விரல் வைத்திருக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் பிட்சை ஓர் அங்குலம் குறையுங்கள்.

11. ரடரோடு த்ராட்டிலைக் கலப்பது

இரண்டு ஈஎஸ்சியையும் தனித்தனிச் சேனலில் இணைத்தால், எட்ஜ்டிஎக்ஸ் போன்ற ரேடியோ மென்பொருளில் ரடர் அசைவுக்கேற்ப மோட்டார்களை வேறுபடுத்தலாம். ரடரை வலது தள்ளினால் இடது மோட்டார் வேகமாக வேண்டும். 15 முதல் 20 சதவீதத்தில் தொடங்குங்கள், ஒரு சுவிட்சில் வையுங்கள். தரையில் திருப்புவதற்கு இது அற்புதம். வானத்தில் 40-க்கு மேல் ஏற்றினால் மெதுவான வேகத்தில் தட்டைச் சுழற்சிக்குள் போகும். த்ராட்டில் பூஜ்யத்தில் ரடரை அசைத்தால் மோட்டார் சுழலக் கூடாது, த்ராட்டில் கட் சுவிட்ச் இந்தக் கலவையையும் மீற வேண்டும். இதை ப்ராப் இல்லாமல் சோதித்த பிறகே ப்ராப் மாட்டுங்கள்.

வானத்தில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால் முதலில் த்ராட்டிலை முழுவதும் இறக்குங்கள், மூக்கைச் சற்றுத் தாழ்த்துங்கள். விமானம் நேரானதும் ரடர் தாங்கும் அளவுக்கு மட்டும், கால் பங்கு போல, மெல்ல ஏற்றலாம். உயரம் போதுமென்றால் அதுவும் வேண்டாம், மிதந்தே இறங்குங்கள். நின்ற மோட்டாரின் பக்கம் கூர்மையாகத் திரும்பாதீர்கள்.

வாங்கும்போதே ஒரே தொகுதியிலிருந்து 3 மோட்டார், 3 ஈஎஸ்சி எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பெயரில் வரும் மோட்டாரின் சுற்று வேறாக இருப்பது சாதாரணம். ப்ராப் என்றால் ஒவ்வொரு திசைக்கும் 4.